ஆர்பிட்ரேஷன் வழக்கு: நோட்டீஸ் அனுப்புவதிலிருந்து பணம் கைக்கு வரும் வரை

ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு ஷரத்து இருந்துவிட்டால் இனி கோர்ட் படி ஏற வேண்டியதே இல்லை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் ஒரு சாதாரண ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை, முடிவதற்குள் நான்கைந்து தடவை கோர்ட் வாசலுக்குப் போய் வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கெடு உண்டு. கணக்கு வழக்கில் கோளாறு இருந்து தோற்றவர்களைப் பார்த்து எனக்குப் பெரிதாக வருத்தம் வந்ததில்லை. கையில் எல்லாக் காகிதமும் வைத்துக்கொண்டு, கெடுவைத் தவறவிட்டுத் தோற்றவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும். அதனால் இந்த வழிகாட்டியை தேதிகளைச் சுற்றியே எழுதுகிறேன்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம். 2015, 2019, 2021 ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. கீழே பிரிவு எண்ணை மட்டும் சொன்னால் அது இந்தச் சட்டத்தின் பிரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம்: ஈரோட்டில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு 1 கோடியே 60 லட்சத்துக்கு குடோன் கட்டிக் கொடுத்தார். 40 லட்சம் பாக்கி நிற்கிறது.

முதலில் ஷரத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

ஷரத்து பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அதில் பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, அது உண்மையிலேயே ஆர்பிட்ரேஷன் ஷரத்துதானா? ‘இரு தரப்பும் அப்படி முடிவு செய்தால் நடுவருக்கு அனுப்பப்படும்’ என்று எழுதியிருந்தால் அது ஷரத்தே ஆகாது, பிற்பாடு ஒப்பந்தம் போடலாம் என்ற விருப்பம் மட்டும்தான் என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘செல்லலாம்’ என்று இருக்கிறதா, ‘செல்ல வேண்டும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சொல்லில் வழக்கே மாறிவிடும்.

இரண்டு, சீட். வக்கீல்கள் எல்லாரும் சீட் என்றுதான் சொல்கிறோம். சட்டப்படி ஆர்பிட்ரேஷனின் இருப்பிடம் எந்த ஊர் என்பது அது. கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், வழக்கைக் கவனிக்கும் கோர்ட் சீட் இருக்கும் ஊரின் கோர்ட்தான். 2017இல் ஒரு வழக்கு. சரக்கு டெல்லியிலிருந்து வந்தது, வாங்கியவர் சென்னை, விற்ற நிறுவனத்தின் பதிவு அலுவலகம் அமிர்தசரஸ். ஆனால் ஒப்பந்தத்தில் சீட் மும்பை. மும்பைக்கும் அந்த வியாபாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் மும்பை கோர்ட்டுகளுக்கு மட்டும்தான் அதிகாரம் என்று முடிந்தது. நம் ஈரோட்டுக்காரரின் ஒப்பந்தத்தில் சீட் டெல்லி என்று இருந்தால், ஒவ்வொரு சின்ன மனுவுக்கும் அவர் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். கையெழுத்துப் போடும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை.

மூன்று, ஸ்டாம்ப். ஒப்பந்தம் வெள்ளைத் தாளில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஸ்டாம்ப் குறை என்பது சரிசெய்யக்கூடிய கோளாறு, அதனால் ஷரத்து செல்லாமல் போகாது என்று 2023 டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்த்து வைத்துவிட்டது. ஆனால் அபராதத்தோடு ஸ்டாம்ப் தீர்வை கட்ட வேண்டியிருக்கலாம்.

வேறு பாதையில் போக வேண்டியவர்கள்

எல்லாத் தகராறையும் நடுவரிடம் கொண்டுபோக முடியாது. கிரிமினல் குற்றம், விவாகரத்து, திவால், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் வீட்டு வாடகை இவையெல்லாம் கோர்ட்டுக்கோ அதற்கென உள்ள தீர்ப்பாயத்துக்கோதான் போகும். ‘அவன் மோசடி பண்ணிட்டான், அதனால ஆர்பிட்ரேஷன் வேண்டாம்’ என்று சொல்லித் தப்பிப்பதும் இப்போது சுலபமில்லை. திருநெல்வேலியில் சகோதரர்கள் கூட்டாக நடத்திய ஓட்டல் ஒன்றின் வழக்கில், குடும்பக் கணக்குச் சண்டையில் வருகிற சாதாரண மோசடிப் புகாரை நடுவரே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது.

குறு, சிறு தொழில் நடத்துகிறவரா? சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குத் தனி வாசலே உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மாநில அரசின் வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போட்டால் முதலில் சமரசம் பேசுவார்கள், அப்புறம் கவுன்சிலே நடுவராக உட்காரும், அல்லது வேறு அமைப்புக்கு அனுப்பும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்தக் கவுன்சில்கள் இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் தனி ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இந்தப் பாதையே மேலோங்கும் என்று 2022இல் தீர்ப்பு வந்தது. கவுன்சில் வழியாக வந்த நடுவர் தீர்ப்பை எதிராளி எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கோர்ட்டில் கட்டியாக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நூல் அனுப்புகிற சிறு மில்காரருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. பதிவை மட்டும் சரக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் வம்புதான். வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இந்தச் சலுகை இல்லை.

நோட்டீஸ்: கடிகாரம் இங்கேதான் நிற்கிறது

பிரிவு 21. ‘இந்தத் தகராறை நடுவருக்கு அனுப்பக் கோருகிறேன்’ என்ற நோட்டீஸ் எதிராளி கைக்குக் கிடைத்த நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்குகிறது. பணம் கேட்கும் உரிமைக்குப் பொதுவாக 3 ஆண்டு காலவரம்பு. அந்த 3 ஆண்டுக்குள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் தபாலில் சேர்த்த நாள் கணக்கில் வராது.

நம் ஊர் வியாபாரத்தில் கேடு வருவது இங்கேதான். “அவங்க நமக்கு இருபது வருசப் பழக்கம்ங்க சார், நோட்டீஸ் விட்டா மூஞ்சியில முழிக்க முடியாதுங்க” என்பார்கள். அந்தப் பக்கத்தில் ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்ண்ணா’ என்று வாட்ஸப்பில் மாதத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும். நீங்கள் எத்தனை நினைவூட்டல் கடிதம் எழுதினாலும் 3 ஆண்டு நீளாது. எதிராளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டுத் தந்தாலோ, ஒரு பகுதிப் பணத்தைக் கட்டினாலோதான் அந்த நாளிலிருந்து கணக்கு புதிதாக ஓடும், அதுவும் பழைய கெடு முடிவதற்குள் நடந்திருந்தால். ஆண்டுக் கடைசியில் ஆடிட்டர் கேட்கிறாரே இருப்பு உறுதிக் கடிதம், அதில் கையெழுத்து வாங்கி வைப்பது பல வழக்கைக் காப்பாற்றும்.

நோட்டீஸில் ஒப்பந்த எண், ஷரத்து எண், பாக்கித் தொகை, நீங்கள் முன்மொழியும் நடுவரின் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

எதிராளி முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டால்

ஷரத்து இருந்தும் அவர் சிவில் வழக்குப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிரிவு 8இன் கீழ் ‘இது நடுவருக்குப் போக வேண்டியது’ என்று மனுப் போடலாம். எப்போது? வழக்கின் சாரத்தைப் பற்றி உங்கள் முதல் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள். பதிலுரை எழுதிப் போட்டுவிட்டு அப்புறம் ஷரத்து ஞாபகம் வந்தால் பயனில்லை. கோர்ட்டில் வாதாடச் சம்மதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மனுவோடு அசல் ஒப்பந்தமோ சான்றிட்ட நகலோ இணைக்க வேண்டும். ஒப்பந்தம் எதிராளியிடம் மட்டும் இருந்தால், அதை அவர் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கூடவே ஒரு மனுப் போடலாம்.

அவசரம் இருந்தால் பிரிவு 9

நடுவர் வந்து உட்காருவதற்குள் எதிராளி குடோனை விற்றுவிடுவார் போலிருக்கிறது, இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறார் என்றால் பிரிவு 9. ஆர்பிட்ரேஷனுக்கு முன்போ, நடக்கும்போதோ, தீர்ப்பு வந்து அதை நிறைவேற்றுவதற்கு முன்போ கோர்ட்டில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். 3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றம் விசாரிக்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1 கோடியாக இருந்த இந்த வரம்பை 2018இல் 3 லட்சமாக இறக்கினார்கள்.

வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்க விடாமல் தடுக்க வேண்டும் என்று ஓடி வருகிறவர்கள் அதிகம். அதற்குத் தடை கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்பட்டமான மோசடி, ஈடுசெய்யவே முடியாத அநியாயம், இந்த இரண்டில் ஒன்றைக் காட்டினால்தான் கோர்ட் கை வைக்கும்.

இங்கே கெடு 90 நாள். ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன்பே பிரிவு 9இல் உத்தரவு வாங்கினால், உத்தரவு வந்த 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கிவிட வேண்டும். தடையாணை கிடைத்த சந்தோஷத்தில் அதை ஃபைலில் வைத்துத் தூங்கிவிடக் கூடாது. தீர்ப்பாயம் (வழக்கை விசாரிக்கும் நடுவர் அல்லது நடுவர்கள்) அமைந்த பிறகு இடைக்கால நிவாரணத்தை அங்கேயே, பிரிவு 17இன் கீழ் கேட்க வேண்டும். அந்த உத்தரவுக்கும் கோர்ட் உத்தரவுக்குள்ள பலம் உண்டு.

நடுவரை யார் நியமிப்பது?

நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிராளி ஒத்துவராவிட்டால் பிரிவு 11இன் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஒரு தரப்பு வெளிநாட்டினர் என்றால் உச்ச நீதிமன்றம். இதற்கும் 3 ஆண்டு காலவரம்பு உண்டு என்பதை 2024இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிப்படுத்தியது. இந்தக் கட்டத்தில் கோர்ட் பார்ப்பது ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். பாக்கி 40 லட்சமா 4 லட்சமா என்ற சண்டையை இங்கே கிளப்பினால் ‘நடுவரிடம் சொல்லுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

அடுத்ததுதான் நான் எப்போதும் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்வது. லாரிக் கடன், இயந்திரக் கடன் ஒப்பந்தங்களில் ‘நிறுவனம் நியமிக்கும் நபரே நடுவர்’ என்று இருக்கும். நாமக்கல் பக்கம் இரண்டு தவணை தவறியவருக்கு, எங்கோ உட்கார்ந்திருக்கிற, அவர் பார்த்தேயிராத ஒரு நடுவரிடமிருந்து ஒருநாள் தபாலில் தீர்ப்பு வந்து நிற்கும். வழக்கின் முடிவில் லாபநஷ்டம் உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 8 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு சார்ந்த ஒப்பந்தங்களில் இப்படி ஒருதலையாக ஒற்றை நடுவரை நியமிக்கும் ஷரத்து அரசமைப்பின் 14ஆவது பிரிவுக்கு விரோதம் என்றது. தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டும்தான் தகுதியிழந்த நடுவர் தொடரலாம். அப்படி ஒரு தபால் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று உடனே எழுதி அனுப்புங்கள்.

கட்டணக் கணக்கையும் முதலிலேயே பார்த்துவிடலாம். சட்டத்தின் நான்காவது அட்டவணை ஒரு மாதிரிக் கட்டணம் தருகிறது. 20 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரை உள்ள தகராறுக்கு 97,500 ரூபாய், அதோடு 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதம். நம் 40 லட்சத்துக்கு 97,500 + 60,000 = 1,57,500. ஒற்றை நடுவர் என்றால் 25 சதவீதம் கூடுதல், ஆக 1,96,875. பாதி உங்கள் பங்கு. நடுவர்கள் தாங்களாகவே கட்டணத்தை ஏற்றிக்கொள்ள முடியாது என்று 2022இல் தீர்ப்பு இருக்கிறது. 5 லட்சம் பாக்கிக்கு மூன்று நடுவர் கேட்பது, கொசுவுக்குப் பயந்து கோட்டை கட்டுகிற கதை.

தீர்ப்பாயத்தின் முன்

கோர்ட் மாதிரி கறுப்பு அங்கி, டவாலி எதுவும் இல்லை. ஓட்டலின் கூட்ட அறையிலோ, ஓய்வுபெற்ற நீதிபதியின் வீட்டு முன்னறையிலோ, சென்னை என்றால் உயர் நீதிமன்றத்தின் ஆர்பிட்ரேஷன் மையத்திலோ நடக்கும். முதல் அமர்வில் தேதிகள் குறிப்பார்கள். அப்புறம் கோரிக்கை மனு, எதிருரை, எதிர்க்கோரிக்கை, ஆவணங்கள், சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம். சாட்சியச் சட்டமும் சிவில் நடைமுறைச் சட்டமும் நடுவரைக் கட்டுப்படுத்தாது. அதற்காகத் துண்டுச்சீட்டைக் கொடுத்து நம்பச் சொன்னால் நம்பிவிடுவார் என்றும் இல்லை. கட்டுமான வழக்கில் அளவுப் புத்தகமும் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), தளத்தில் கையெழுத்தான பில்களும்தான் பேசும்.

‘உங்களுக்கு அதிகாரமே இல்லை’ என்று நடுவரிடமே ஆட்சேபிக்கலாம், பிரிவு 16. அதை எதிருரை போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். நடுவர் அதைத் தள்ளிவிட்டால் உடனே கோர்ட்டுக்கு ஓட முடியாது. வழக்கை நடத்தி முடித்து, தீர்ப்பை எதிர்க்கும்போதுதான் கிளப்ப முடியும். ஆட்சேபத்தை அவர் ஏற்று வழக்கை முடித்துவிட்டால் மற்றத் தரப்பு உடனே மேல்முறையீடு போகலாம்.

எதிராளி வராமலே இருந்தால்? அவர் வராததே ஒப்புக்கொண்டதாக ஆகாது. நடுவர் உங்கள் ஆதாரத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுவார். நீங்கள் கோரிக்கை மனுவைப் போடாமல் இழுத்தடித்தால் மட்டும் வழக்கே முடிந்துபோகும்.

இரு தரப்பு மனுக்களும் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும், அங்கிருந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு. இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதற்கும் மேல் போனால் பிரிவு 29ஏ இன் கீழ் கோர்ட் நீட்டித்தால்தான் நடுவருக்கு அதிகாரம். கெடு முடிந்த பிறகும் நீட்டிப்பு மனுப் போடலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதம் நடுவரால் என்றால் மாதத்துக்கு 5 சதவீதம் வரை அவர் கட்டணத்தைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

தீர்ப்பு கைக்கு வந்ததும்: கவரைக் கிழிக்காதீர்கள்

நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு கட்சிக்காரர் தீர்ப்பு நகலோடு வந்தார். சீனியர் முதலில் கேட்டது, “கவர் எங்கே?” குப்பையில் போட்டாயிற்று. என்றைக்கு வந்தது என்று அவருக்கு உத்தேசமாகத்தான் தெரியும், கணக்குப்பிள்ளை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம். தபால் முத்திரை இருந்த அந்தக் கவர்தான் கெடுவுக்கு ஆதாரம். அஞ்சலகத்தில் அலைந்து தேதியை எடுப்பதற்குள் ஒரு வாரம் போனது.

தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு, பிரிவு 34. கையெழுத்திட்ட நகல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட யாராலும் தர முடியாது. 3 மாதம் என்பது காலண்டர் மாதம், 90 நாள் என்று எண்ண வேண்டாம். இன்னொரு பொறி இருக்கிறது: அந்த 3 மாதம் கோடை விடுமுறையில் முடிந்தால், கோர்ட் திறக்கும் நாளில் போடலாம். கூடுதலான அந்த 30 நாள் விடுமுறையில் முடிந்தால் அந்தச் சலுகை கிடையாது. மே மாதத்தில் இதனால் கவிழ்ந்த மனுக்கள் உண்டு. எழுத்துப் பிழை, கூட்டல் பிழை என்றால் 30 நாளுக்குள் நடுவரிடமே திருத்தம் கேட்கலாம்.

ரத்து மனு மேல்முறையீடு மாதிரி கிடையாது. நடுவர் ஆதாரத்தைத் தப்பாக எடைபோட்டார் என்று சொன்னால் கோர்ட் கேட்காது. நோட்டீஸ் தரவில்லை, தன் தரப்பைச் சொல்ல விடவில்லை, ஷரத்துக்கு வெளியே போய்த் தீர்ப்பளித்தார், பொதுக் கொள்கைக்கு விரோதம், தீர்ப்பின் முகத்திலேயே தெரியும் சட்டப் பிழை, இப்படிச் சில காரணங்கள்தான். டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கைப் பாருங்கள். 2017இல் சுமார் 2,800 கோடிக்கு நடுவர் தீர்ப்பு. தனி நீதிபதி உறுதி செய்தார், 2019இல் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) கவிழ்த்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் மீட்டது, 2024 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம், கடைசி வாய்ப்பாக உள்ள க்யூரேட்டிவ் மனுவில் மறுபடி கவிழ்த்தது. இந்தச் சில காரணங்களை வைத்தே இத்தனை தூரம் இழுக்க முடிகிறது.

தீர்ப்புத் தொகையைக் கோர்ட் மாற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் நம் ஊர் வழக்குகளில்தான். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தபோது சதுர மீட்டருக்கு 46 ரூபாயிலிருந்து 83 ரூபாய் வரை தந்ததை மாவட்ட கோர்ட் 645 ஆக்கியது. கோர்ட்டுக்கு மாற்றும் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது, ஆனால் அந்த விவசாயிகளின் தொகையில் கை வைக்கவில்லை. அப்புறம் சென்னையில் ஒரு ஊழியருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. நடுவர் தந்தது 2 கோடி. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மேலும் 1.6 கோடி கூட்டினார். டிவிஷன் பெஞ்ச் அந்தக் கூடுதலை 50,000 ரூபாயாக்கியது. 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் பெரும்பான்மையாக, சில இடங்களில் மட்டும் மாற்றலாம் என்றார்கள்: பிரித்தெடுக்கக் கூடிய பகுதி, கணக்குப் பிழை, எழுத்துப் பிழை, தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி.

பிரிவு 34இல் வந்த உத்தரவை எதிர்த்து பிரிவு 37 மேல்முறையீடு. வணிக வழக்கில் 60 நாள்.

பணத்தை வாங்குவது

2015 திருத்தத்துக்கு முன் ரத்து மனுப் போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும். இப்போது தனியாகத் தடை கேட்க வேண்டும், பணத் தீர்ப்பு என்றால் பெரும்பாலும் தொகையைக் கட்டச் சொல்வார்கள். தடை இல்லாவிட்டால், 3 மாதக் கெடு முடிந்ததும் தீர்ப்பு கோர்ட் டிக்ரி (கோர்ட்டின் இறுதி ஆணை) மாதிரியே. நிறைவேற்று மனுவை எதிராளியின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டிலேயே நேராகப் போடலாம், சீட் ஊரிலிருந்து மாற்றல் வாங்க வேண்டியதில்லை என்பது 2018இல் தீர்ந்த விஷயம். நடுவர் வேறு வட்டி சொல்லாவிட்டால், தீர்ப்பு நாளிலிருந்து நடப்பு வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் ஓடும்.

சொத்தைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. எதிராளியின் சொத்துப் பட்டியலைப் பிரமாணப் பத்திரமாகத் தரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதற்கே மாதக்கணக்கில் ஆகும். நம் ஈரோட்டுக்காரர் முதல் பில்லுக்கு வந்த காசோலையை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தால், அதில் வங்கிக் கிளையும் கணக்கு எண்ணும் இருக்கும். அந்தக் கணக்கை முடக்கக் கேட்பதுதான் எனக்குத் தெரிந்து வேகமான வழி. ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே அந்த ஒரு ஜெராக்ஸுக்கு ஃபைலில் இடம் ஒதுக்கிவிடச் சொல்வேன்.